புதுப்பிப்பு: பருவுக்கு இரண்டு களிம்புகளைச் சேர்த்துப் பூசுவது பற்றி
பருக்கிருமிகளைக் கொல்லும் பென்சோயில் பெராக்சைடையும், வைட்டமின் ஏ சார்ந்த மருந்தான ரெட்டினோயிட் களிம்பையும் ஒன்றாகப் பூசலாமா என்று முன்னர் கேட்டிருந்தேன்; யாழ்ப்பாணத்தில் தோல் மருத்துவர் ஒருவரைக் கண்டபின் இதை எழுதுகிறேன். அந்த ரெட்டினோயிட் ட்ரெட்டினோயின் என்ற வகையாக இருந்தால், பெராக்சைடு அதை, குறிப்பாக வெளிச்சத்தில், சிதைத்துவிடக்கூடும் என்பதால், ஒன்றைக் காலையிலும் மற்றையதை இரவிலும் பூசுவதே நல்லது. அடபலீன் என்ற மற்றொரு ரெட்டினோயிடோ அவ்வாறு எளிதில் சிதையாது, அதனால்தான் அடபலீனும் பெராக்சைடும் ஒரே களிம்பாகவும் விற்பனைக்கு வருகின்றன. எனக்கு எழுதித் தந்தவை இரவுக்கு 0.1 சதவீத அடபலீன், காலைக்கு 2.5 சதவீதப் பெராக்சைடு. பெராக்சைடை 10 சதவீதமாக உயர்த்தினால் கூடுவது பெரும்பாலும் எரிச்சல்தான். மூக்கோரம் உரிந்த தோல், ஈரப்பதக் களிம்பை முதலில் பூசத் தொடங்கியபின் அடங்கியது. நீலத் துவாயில் விழுந்த வெள்ளைத் திட்டுகள் மட்டும் பெராக்சைடின் கைவண்ணமாக நிலைத்துவிட்டன. மருமகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: கருவுற்றிருப்பவர்கள் ரெட்டினோயிட்டைத் தவிர்க்க வேண்டும்.