லண்டன் - பாரிஸ் ஃப்ளைட்: போக 2.20 மணி நேரம், வர வெறும் 15 நிமிஷமா??

மதுரைக்காரன்:
வணக்கம் மக்களே, அக்கா வீட்டுக்கு லண்டன் வந்திருக்கேன், ரெண்டு நாள் பாரிஸ் போய்ட்டு வரலாம்னு டிக்கெட் பார்த்தா ஒண்ணுமே புரியல. காலைல 10 மணிக்கு ஹீத்ரோல கிளம்பி 12.20க்கு பாரிஸ்ல எறங்குதாம். திரும்பி வர்றப்ப சாயங்காலம் 4 மணிக்கு ஏறினா 4.15க்கு லண்டன்! 15 நிமிஷத்துல என்ன ராக்கெட்லயா கூட்டிட்டு வர்றாங்க? நேர்கோட்டுல பார்த்தா 344 கிலோமீட்டர்தான், மதுரை-சென்னை தூரம் கூட இல்ல. நெசமா எவ்ளோ நேரம் ஆகும்? அக்கா வேற ட்ரெயின்லயே போடான்னு நச்சரிக்கிறா.

ஈஸ்ட்ஹாம் வாசி:
ஹாஹா நானும் மொத தடவை பார்த்துட்டு வெப்சைட் தப்புன்னுதான் நெனச்சேன். பாரிஸ் கடிகாரம் லண்டனுக்கு 1 மணி நேரம் முன்னாடி ஓடும் ப்ரோ, டிக்கெட்ல இருக்கறது அந்தந்த ஊர் நேரம். போறதுல ஒரு மணி நேரம் கழிங்க, வர்றதுல கூட்டுங்க, 1.20, 1.15 வந்துரும். அதுலயும் வானத்துல இருக்கறது முக்கால் மணி நேரம் சொச்சம்தான், மிச்சமெல்லாம் ரன்வேக்கு ஊர்ந்து போறதும் க்யூல நிக்கிறதும்தான். ஜூஸ் கப்ப குடுத்துட்டு நாம பாதி குடிக்கறதுக்குள்ள குப்பை வாங்க வந்து நிப்பாங்க.

ஆனா அக்கா பேச்சை கேளுங்க. யூரோஸ்டார் ட்ரெயின்ல லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷன் டு பாரிஸ் சுமார் 2 மணி 20 நிமிஷம், ஊருக்குள்ளயே எறக்கி விட்ரும். ஃப்ளைட்னா ஹீத்ரோ போகணும், 2 மணி நேரம் முன்னாடி நிக்கணும், அங்க பாரிஸ் ஏர்போர்ட் சார்ல் து கோல்ல எறங்கி இமிக்ரேஷன், அப்புறம் ஆர்இஆர் பி ட்ரெயின் புடிச்சு ஊருக்குள்ள அரை மணி நேரம். போன வருஷம் காசு மிச்சம்னு ஃப்ளைட் போட்டேன், 3 மணி நேரம் லேட்டு, ட்ரெயின்ல போன ஃப்ரெண்டு நான் கேட்லயே உக்காந்திருக்கும்போது ஈபிள் டவர் செல்ஃபி அனுப்புறான் 😤

லாசப்பல் அண்ணை:
தம்பி, ரெயின்தான் நல்லம். பிரெஞ்சு பாஸ்போர்ட் செக்கிங்கையும் லண்டன் ஸ்டேசனிலயே முடிச்சுப்போடுவாங்கள், இஞ்ச இறங்கினா நேர வெளிய வாறதுதான், அதால ஒரு மணித்தியாலத்துக்கு மேல முன்னமே போய் நில்லுங்கோ. கடலுக்குக் கீழ ஏதும் பாக்கலாம் எண்டு ஜன்னல் சீட்டுக்கு அடிபடாதேங்கோ, 50 கிலோமீட்டர் சுரங்கமும் கும்மிருட்டு, கண்ணாடியில உங்கட முகம்தான் தெரியும். பாரிஸ் ஸ்டேசன் கார் து நோர்ல இறங்கி பத்து நிமிசம் நடந்தா எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாசப்பல், சுடச்சுட கொத்துரொட்டி சாப்பிடலாம். இந்தியன் பாஸ்போர்ட் எண்டா பிரான்ஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தனிய எடுக்கோணும், யூகே விசா காணாது. அக்கா மட்டன் கிட்டன் கட்டித் தந்தாலும் வாங்காதேங்கோ, பிரெக்ஸிட்டுக்கு, அதான் யூகே ஐரோப்பிய யூனியனை விட்டு விலகினதுக்குப் பிறகு இறைச்சி, பால் சாமான் இஞ்சால கொண்டுவர ஏலாது.

மதுரைக்காரன்:
என்னது தனி விசாவா!!! நல்லவேளை இன்னும் காசு கட்டல. இருங்க, அக்காகிட்ட கேட்டுட்டு வர்றேன், அவ பாஸ்போர்ட்டு பிரிட்டிஷ், அதான் எனக்கும் வேணாம்னு நெனச்சிருக்கா போல 🤦