கர்னல் ஃபங்ஷனில் ஜம்ப் எழுதினால் மெஷின் நின்றுவிடுகிறது, அவசரம்

பாலக்கோடு_23:
திங்கட்கிழமை ரிவ்யூ. லினக்ஸ் கர்னலில் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) ஃபைல் திறக்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் 5 பைட் ஜம்ப் (வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை) எழுதி, கர்னலில் நான் ஏற்றும் மாட்யூலுக்குத் திருப்புகிறேன். வீட்டில் விஎம்மில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) நன்றாக ஓடுகிறது. தர்மபுரியில் லேபில் போட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது. கோடு சரிதான், பலமுறை பார்த்துவிட்டேன். யாராவது உதவுங்கள்.

ஓசூர் சிப்காட்:
எந்த கர்னல்? இன்டெலா, ஆர்மா? விஎம்முக்கு எத்தனை சிபியு கொடுத்திருக்கிறீர்கள்?

பென்னாகரத்தான்:
மாட்யூலை ஏற்றும்போது நிற்கிறதா, கழற்றும்போதா? எனக்கு கரன்ட் மேல்தான் சந்தேகம். எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கினால் டெஸ்க்டாப் இப்படித்தான் சத்தமில்லாமல் நிற்கும். யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள்.

பழைய கர்னல்:
தம்பி, கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓடுகிற கோடில் கை வைப்பவர் இன்டெல் மேனுவல் மூன்றாம் தொகுதியில் கிராஸ் மாடிஃபையிங் கோடு, அதாவது ஒரு சிபியு ஓட்டும் கோடை இன்னொரு சிபியு மாற்றுவது பற்றிய பகுதியை முதலில் படிக்க வேண்டும். படித்திருந்தால் "கோடு சரிதான்" என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

காவேரிப்பட்டினம்:
யார் எந்த ஃபைலைத் திறக்கிறார்கள் என்று பார்க்கத்தானே? அதற்கு லினக்ஸிலேயே இருக்கும் ஆடிட் என்ற பதிவு வசதி போதுமே.

பாலக்கோடு_23:
மன்னிக்கவும். உபுண்டு 22.04, கர்னல் 5.15, இன்டெல். விஎம்முக்கு 1 சிபியு, லேப் மெஷினில் 8. சிஆர்0 என்ற சிபியு ரெஜிஸ்டரில் எழுத்துத் தடை பிட்டை நேரடி அசெம்பிளியில் எடுத்துவிட்டு மெம்காப்பி (பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்) செய்கிறேன். ஏற்றும்போது சில நேரம் நிற்கிறது, கழற்றும்போது அடிக்கடி. மாட்யூல் எழுதுவதுதான் புராஜெக்ட், அதனால் ஆடிட் ஆகாது.

ஓசூர் சிப்காட்:
1-க்கும் 8-க்கும் நடுவில்தான் விடை இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது இருப்பது எஃப்ட்ரேஸுக்காக (ஃபங்ஷன் அழைப்புகளைக் கவனிக்கும் கர்னல் வசதி) ஒதுக்கிய 5 பைட் நாப், எதுவும் செய்யாத கட்டளை. நீங்கள் எழுதுவது ஜம்ப்புக்கான ஈ9, அதன்பின் 4 பைட்டில் தாவும் தூரம். மெம்காப்பி இதை 4 பைட், பிறகு 1 பைட் என்று இரண்டு தவணையாக எழுதலாம். அந்த இடைவெளியில் வேறொரு சிபியு உள்ளே வந்தால் கடைசி பைட் பழைய 00-ஆகவே இருக்கும். தூரத்தின் பெரிய பைட் அதுதான். உங்கள் மாட்யூல் பெரும்பாலும் பல நூறு எம்பி தள்ளி இருக்கும்; 00 என்றால் 16 எம்பிக்குள் எங்கோ போய் விழும். விஎம்மில் வேறொரு சிபியுவே இல்லை, அதனால் பிழைத்தது.

கர்னல் தானே இதைச் செய்யும் விதம் அவ்வளவு அழகு. முதல் பைட்டில் மட்டும் சிசி, அதாவது அங்கே வரும் சிபியுவைக் கர்னலின் ஹேண்ட்லருக்கு அனுப்பும் இன்ட்3 கட்டளை வைக்கிறது. எல்லா சிபியுவும் மாற்றத்தைப் பார்க்கும்படி சிங்க் செய்கிறது. அப்புறம் மிச்சம் 4 பைட், மறுபடி சிங்க். கடைசியில் சிசி இருந்த இடத்தில் ஈ9, இன்னொரு சிங்க். நடுவில் வருகிற சிபியு இன்ட்3-இல் ட்ராப் ஆகும், ஹேண்ட்லர் அதைச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடும். இதைச் செய்யும் ஃபங்ஷன்கள் மாட்யூலுக்கு எக்ஸ்போர்ட் ஆகவில்லை, நீங்கள் நேரடியாகக் கூப்பிட முடியாது. எஃப்ட்ரேஸில் ரெஜிஸ்டர் செய்யுங்கள், இவ்வளவையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பென்னாகரத்தான்:
எதற்கு இவ்வளவு சுற்று? ஸ்டாப் மெஷின் போட்டு எல்லா சிபியுவையும் நிறுத்திவிட்டு எழுதினால் முடிந்தது.

பழைய கர்னல்:
முடியாது. ஸ்டாப் மெஷின் என்எம்ஐயை (தடுக்க முடியாத இன்டரப்ட்) நிறுத்தாது.

பென்னாகரத்தான்:
என்எம்ஐ ஹேண்ட்லர் ஃபைல் திறக்குமா, சொல்லுங்கள்.

பழைய கர்னல்:
இந்த ஃபங்ஷனில் தப்பிக்கலாம். அதையே பழகியவர் அடுத்த ஃபங்ஷனில் மாட்டுவார். அங்கே 5 பைட்டுக்குள் இரண்டு மூன்று இன்ஸ்ட்ரக்ஷன் இருந்தால்? நடுவில் ப்ரீஎம்ப்ட் ஆகி, அதாவது சிபியு வேறொன்றுக்குப் போனதால் பாதியில் நின்ற ப்ராசஸ், எழுந்ததும் உங்கள் ஜம்ப்பின் வயிற்றில் கால் வைக்கும். ஸ்டாப் மெஷின் அதையும் தடுக்காது.

பென்னாகரத்தான்:
இவர் இடத்தில் இருப்பது ஒரே நாப். நான் இவருடைய பிரச்சினைக்குத்தான் பதில் சொன்னேன்.

காவேரிப்பட்டினம்:
இருவரும் சற்றுப் பொறுங்கள், கழற்றும்போது நிற்பதை யாரும் தொடவில்லை. தம்பி, ஜம்ப்பை எடுத்தாலும் ஏற்கெனவே உங்கள் ஃபங்ஷனுக்குள் போன ப்ராசஸ் அங்கேதான் இருக்கும். ஃபைல் திறக்கும்போது டிஸ்க்குக்காகத் தூங்கியும் இருக்கலாம். அது எழுவதற்குள் மாட்யூலின் மெமரி போய்விட்டால் திரும்பிவர இடம் இல்லை. எஃப்ட்ரேஸில் முகவரியை மாற்றித் திருப்பிவிட்டாலும் இதே வம்புதான். அதனால் திருப்பவே வேண்டாம், எஃப்ட்ரேஸ் கூப்பிடும் உங்கள் கால்பேக் ஃபங்ஷனிலேயே குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். கர்னல் 5.11-இல் கால்பேக்கின் நான்காவது ஆர்க்யுமென்ட் மாறிவிட்டது, பழைய உதாரணத்தை அப்படியே ஒட்டாதீர்கள்.

லேப் மெஷினில் மற்ற பிள்ளைகளின் வேலையும் இருக்கும். விஎம்முக்கு 4 சிபியு கொடுத்து வீட்டிலேயே சோதியுங்கள்.

பாலக்கோடு_23:
4 சிபியு கொடுத்ததும் விஎம்மும் நின்றது. எஃப்ட்ரேஸுக்கு மாற்றிவிட்டேன். நேற்று இரவிலிருந்து ஏற்றிக் கழற்றிக்கொண்டே இருக்கிறது, இதுவரை நிற்கவில்லை. நன்றி அண்ணா. ரிவ்யூவுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

பழைய கர்னல்:
கால்பேக்குக்குள் தூங்கக்கூடிய எதையும் கூப்பிடவில்லையே?