அந்தக் காலத்து ஆட்கள் நம்மை விடக் கனகாலம் வாழ்ந்தார்களா?

படுவான்கரையான்:
என் பூட்டன் குரக்கனும் ஆற்று மீனும் தின்று தொண்ணூறைத் தாண்டி இருந்தவர், ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. இப்போது நாற்பதிலேயே சீனி, பிரஷர். சுகாதாரத் துறையால் ஆயுள் கூடியது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மருதமுனை டீச்சர்:
அண்ணன், பூட்டனோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தவழும் வயதிலேயே போனார்கள் என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். 1946இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 140 பேர் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அது பத்துக்கும் குறைவு. தப்பிப் பிழைத்த கிழவர்தான் நம் ஞாபகத்தில் நிற்கிறார், செத்த பிள்ளைகளை யாரும் கதைப்பதில்லை.

வாவிக்கரை:
டீச்சர், அதை மருந்தின் கணக்கில் மட்டும் எழுத வேண்டாம். மலேரியா நுளம்பைக் கொல்ல டிடிடி மருந்து அடிக்கத் தொடங்கியது 1946இல், அடுத்த வருடமே சாவு விகிதம் ஆயிரத்துக்கு 20இலிருந்து 14க்கு இறங்கியது உண்மைதான், ஆனால் மலேரியா அவ்வளவாக இல்லாத பகுதிகளிலும் இறங்கியதே! இரண்டாம் உலக யுத்த காலத்திலிருந்து கிடைத்த கூப்பன் அரிசி, இலவசப் பள்ளிக்கூடம், பெண்பிள்ளைகள் படித்தது, இதெல்லாம் எங்கே போயிற்று?

மருதமுனை டீச்சர்:
சோறும் படிப்பும் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் நுளம்பை அடக்காமல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் குடியேற்றம் நடந்திருக்குமா, அம்பாறையில் இவ்வளவு வயல் வந்திருக்குமா? மருந்தை விடுங்கள், வீடு வீடாக வந்து கர்ப்பிணியைப் பதிந்து, பிள்ளை பிறந்த பிறகும் வந்து நிறை பார்த்த மிட்வைப்மாரை யோசியுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஒரு பக்கற் ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள். உள்நாட்டு யுத்தத்துக்குள்ளேயே போலியோ சொட்டு மருந்துக்காகச் சண்டையை நிறுத்திய நாட்களும் இருந்தன, 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடங்களை விட இந்தச் சின்ன வேலைகள்தான் நம் ஆயுளைக் கூட்டின என்பதே என் கட்சி.

படுவான்கரையான்:
பிள்ளைகள் கதை சரி. நாற்பதில் சீனி வந்தவனுக்கு எந்த மிட்வைப் வருவா? அவனும் சாகத்தானே செய்கிறான்?

மருதமுனை டீச்சர்:
வரமாட்டா, அவன்தான் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 35 வயது தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் காசில்லாமல் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்பதெல்லாம் பெண்கள்தான். இந்தக் கிழமை நீங்களும் ஒருக்கா போய்ப் பாருங்கள் அண்ணன், பிறகு வந்து வாதாடுவோம்.