ஒலிம்பியாவில் மணமான பெண்களுக்கு ஏன் தடை?

பிடி மிஸ்:
பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை நான். போன வாரம் மழையில் மைதானம் சேறாகிவிட்டதால், பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்து, கிரேக்கத்தில் ஒலிம்பியா என்ற இடத்தில் நடந்த பழைய ஒலிம்பிக் கதை சொன்னேன். கன்னிப்பெண்கள் பார்க்கலாம், மணமானவள் அந்த நாட்களில் ஆல்ஃபியஸ் ஆற்றைத் தாண்டினாலே டைபையோன் மலையிலிருந்து தள்ளிவிடுவது சட்டம் என்றேன். "கல்யாணம் ஆனா என்ன தப்பு மிஸ்?" என்றாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
வீரர்கள் உடையில்லாமல் ஓடினார்கள் இல்லையா, அதனால்தான் இருக்கும்.

பழங்காசு:
அது சரியாக வராது. அப்படியென்றால் கன்னிப்பெண்களை எப்படி விட்டார்கள்? டிமிட்டர் காமினே தெய்வத்தின் பூசாரிப் பெண் மைதானத்திலேயே வெண்பளிங்குப் பலிபீடத்தில் உட்கார்ந்து போட்டியைப் பார்த்தாள். அந்தப் பதவியில் இருந்த ரெகில்லா, ஹெரோடஸ் அட்டிகஸ் என்ற ஏதென்ஸ் பணக்காரரின் மனைவி, பிள்ளைகளைப் பெற்றவள். அவள் பெயர் வெட்டிய பளிங்குக் காளை ஒலிம்பியாவில் கிடைத்திருக்கிறது. ஒலிம்பிக் என்பது கிரேக்கரின் தலைமைக் கடவுள் ஜீயஸுக்கு எடுத்த திருவிழா. யார் வரலாம் என்பது சடங்கு விதி. ஏதென்ஸில் பெண்கள் நடத்திய தெஸ்மோஃபோரியா விழாவுக்குள் ஆண்களுக்கு இடமில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இதையெல்லாம் எழுதிவைத்த கிரேக்கப் பயணி பௌசானியஸ் சட்டத்தைச் சொல்கிறார், காரணம் சொல்லவில்லை.

என்னை உறுத்துவது தடையை மீறி உள்ளே வந்த கல்லிபதெய்ரா என்ற பெண்ணுக்குக் கிடைத்த மன்னிப்புதான். பயிற்சியாளர் வேடத்தில் மகனைக் கூட்டிவந்தாள். அவன் ஜெயித்ததும் தடுப்பைத் தாண்டிக் குதித்தாள், உடை விலகி மாட்டிக்கொண்டாள். அப்பா, அண்ணன் தம்பிகள், மகன் எல்லோரும் ஒலிம்பிக்கில் வென்றவர்கள் என்பதால் விட்டுவிட்டார்கள். அவளுக்காக விடவில்லை. அப்புறம் பயிற்சியாளர்களும் உடையில்லாமல்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

வைகைக்கரை:
பூசாரிப் பெண் விஷயம் எனக்குத் தெரியாது. கினிஸ்காவையும் சொல்லுங்கள் மிஸ். ஸ்பார்ட்டா அரசன் மகள்; கி.மு. 396-லும் 392-லும் அவளுடைய நாலு குதிரைத் தேர் வென்றது. ஓட்டியது வேறு ஆள், பரிசு குதிரைக்குச் சொந்தக்காரிக்கு. கிரேக்கம் முழுவதிலும் இந்த மாலை வாங்கிய ஒரே பெண் நான் என்று கல்லில் வெட்டவைத்தாள்.

பழங்காசு:
ஜீயஸின் மனைவி ஹீராவுக்கு நடந்த ஹெராயா என்ற பெண்கள் ஓட்டப் போட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியை விரித்து, வலத்தோள் தெரிய, முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் உடையில் பெண்கள் ஓடினார்கள். அதே மைதானம்தான், தூரம் மட்டும் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஜெயித்தவளுக்கு ஒலிவ மாலை, பலியிட்ட பசுவில் ஒரு பங்கு.

பிடி மிஸ்:
ரொம்ப நன்றி. இன்று தரை காய்ந்திருந்தது. சுண்ணாம்புப் பொடி போட்டு, ஒலிம்பியாவில் ஆண்கள் ஓடிய 192 மீட்டருக்கு ஒரு கோடு, பெண்கள் ஓடிய 160-க்கு ஒரு கோடு போட்டேன். காரணத்தை யாரும் எழுதிவைக்கவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் இரண்டு கோட்டுக்கும் நடுவே போய் நின்று, "இந்த 32-ஐ ஏன் மிஸ் குறைச்சாங்க?" என்கிறாள்.