ஆட்டக்காரரே கூட்டுச் சேர்ந்து எடுத்தால் அது ஆவணப்படமா?

திண்ணைவாசி:
‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஆவணத் தொடரின் பத்து எபிசோடையும் நேற்றுதான் முடித்தேன். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன், அவருடைய சிகாகோ புல்ஸ் அணி, 1997-98 சீசன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் தயாரிப்பில் ஜோர்டனின் நிறுவனத்துக்கும் பங்கு. கல்யாண வீட்டுக்காரர் காசு கொடுத்து எடுக்கும் வீடியோவில் பந்திச் சண்டை வருமா? எனக்கு இது நீளமான விளம்பரம், அவ்வளவுதான்.

பின்வரிசை:
பந்திச் சண்டை வருகிறதே! பயிற்சியில் சக வீரர் ஸ்டீவ் கெர்ரைக் குத்தியதை ஜோர்டன் தன் வாயாலேயே சொல்கிறார். தவிர, அந்த சீசன் முழுக்கக் கூடவே அலைந்து எடுத்த பிலிமை அவர் சம்மதமில்லாமல் வெளியிட முடியாது என்பதுதான் அன்றைய ஒப்பந்தம். இருபது வருஷம் பெட்டியில் கிடந்தது. அவர் தலையாட்டாவிட்டால் நீங்கள் திட்டுவதற்குக்கூடப் படம் இருந்திருக்காது.

திண்ணைவாசி:
கெர்ரைக் குத்தியதும் ‘ஜெயிக்கிற வெறி’ என்ற கணக்கில்தானே வரவாகிறது? அதே அணியின் ஸ்காட்டி பிப்பென் 1994இல் கடைசி 1.8 விநாடிக்குக் களமிறங்க மறுத்தது மட்டும் குறையாகவே நிற்கிறது. பிப்பென் பிறகு தன் புத்தகத்தில் பொரிந்து தள்ளினார். அப்புறம், ஜோர்டனின் முதல் மனைவி பேட்டி எங்கே?

மழைக்குருவி:
அதே சிகாகோ, அதே கூடைப்பந்து. ‘ஹூப் ட்ரீம்ஸ்’ (1994) பாருங்கள். அரை மணி நேரப் படம் எடுக்கப் போனவர்கள், வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜீ என்ற இரண்டு பையன்களோடு ஐந்து வருஷம் சுற்றினார்கள். பீஸ் கட்ட வழியில்லாமல் ஆர்தரின் பள்ளிக்கூடம் போகிறது. வீட்டில் கரண்டைப் பிடுங்குகிறார்கள். எனக்கு மறக்காத காட்சியில் பந்தே கிடையாது: நர்ஸ் உதவியாளர் படிப்பில் தான்தான் முதல் மார்க் என்று தெரிந்ததும் ஆர்தரின் அம்மா உடைந்து அழுவார். இரண்டு பையன்களுமே ஜோர்டன் ஆடிய என்.பி.ஏ. லீக் வரை போகவில்லை. அதை எந்த விளம்பரக்காரர் எடுப்பார்?

பின்வரிசை:
நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜோர்டன் கையில் டேப்லெட்டைக் கொடுக்கும் காட்சியைப் பார்த்தீர்களா? 1996 இறுதிப் போட்டியில் அவரைத் திணறடித்ததாக எதிரணி வீரர் கேரி பேட்டன் பேசுவது அதில் ஓடுகிறது. பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள்! அத்தனை வருஷம் கழித்தும் அடங்காத கர்வம். சொந்தக் காசில் தன்னையே காட்டிக் கொடுத்துக்கொள்கிறார்.

கடலோரம்:
நடுவில் நுழைகிறேன். நெருக்கம் தப்பில்லை, அதை மறைத்தால்தான் தப்பு. ‘ஃப்ரீ சோலோ’வில் அலெக்ஸ் ஹொனால்ட் கயிறில்லாமல் எல் கேபிடன் மலையில் ஏறுகிறார், 2017 ஜூனில். படமெடுப்பவர்கள் எல்லாரும் நண்பர்கள். நம் கேமராவாலேயே கவனம் சிதறி விழுந்துவிடுவானோ என்ற பயத்தையும் படத்துக்குள்ளேயே பேசுகிறார்கள். கீழே நிற்கும் கேமராக்காரர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முடிவு தெரிந்து பார்த்தும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ‘லாஸ்ட் டான்ஸ்’ தன் பங்குதாரர் யார் என்பதைக் கதைக்குள் பேசவே இல்லையே.

திண்ணைவாசி:
இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை. சரி, அந்தச் சிரிப்பை மட்டும் பின்வரிசைக்கு விட்டுக்கொடுக்கிறேன். ‘ஹூப் ட்ரீம்ஸ்’ எவ்வளவு நேரம் ஓடும்?

மழைக்குருவி:
கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

பின்வரிசை:
விளம்பரத்தையே பத்து எபிசோட் பார்த்தவருக்கு அதெல்லாம் ஒரு நேரமா?