கலைச்சொல் வேண்டும்: வேப் கருவியில் திரி காய்ந்து ‘காயில்’ எரிவதற்குத் தமிழில் என்ன?

தண்டையார்பேட்டையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவன் பையில் வேப் கருவி, அதாவது மின்சிகரெட் இருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் அதைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் பிள்ளைகள் கைக்கு வந்துவிடுகிறது. திட்டி அனுப்புவதைவிட உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டினால் மனதில் நிற்கும் என்று நான்கு பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். கருவிக்குள் சின்னத் தொட்டி, அதில் திரவம், திரவத்தை உறிஞ்சும் பஞ்சுத் திரி, திரியை ஒட்டிச் சுற்றிய கம்பி, அதாவது காயில். திரி நனைந்திருக்கும்வரை கம்பியின் சூடு திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே இருக்கும். புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். திரி தருவதைவிட வேகமாகத் திரவம் ஆவியானால் கம்பியைக் குளிர்விக்க ஒன்றும் இல்லை. சூடு எகிறும், பஞ்சு கருகும், திரவம் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் வரும். தொண்டையில் சுருக்கென்று பிடிக்கும் அந்த நிலையை ஆங்கிலத்தில் ‘டிரை ஹிட்’ என்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்வது?

திருவொற்றியூரிலிருந்து:

ஐயா, அந்த ஒரு சொல்லுக்கு முன் மற்றதையும் சரிசெய்வோம். ‘காயில்’ என்று கையேட்டில் போடாதீர்கள். பள்ளிப் பாடநூலிலேயே கம்பிச்சுருள் இருக்கிறது. தொட்டிக்குத் ‘தகளி’ என்று எழுதலாம். ‘வையம் தகளியா வார்கடலே நெய்யாக’ என்று பொய்கையாழ்வார் பாடிய தகளிதான். எண்ணெயைத் தாங்கித் திரிக்குக் கொடுக்கும் கலம் என்றால் இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? அப்புறம், ‘டேங்க்’ என்பதே நம்முடைய ‘தாங்கல்’ போய்த் திரும்பி வந்த சொல்தான். நீரைத் தாங்குவது தாங்கல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அதற்குச் சாட்சி.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, தாங்கல் என்பது ஏரிதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆங்கில ‘டேங்க்’ அதிலிருந்து பிறந்தது என்று சொல்லச் சான்று வேண்டும். குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் ‘டாங்கு’ என்ற வடிவம், போர்ச்சுகீசிய ‘தாங்க்கே’ இரண்டையும்தான் அகராதிக்காரர்கள் காட்டுகிறார்கள். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது. முப்பது வருடம் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். நெடுநல்வாடையில் மழைக்கால மாலையில் பெண்கள் விளக்கேற்றும் இடம் நினைவிருக்கிறதா? ‘இரும்புசெய் விளக்கின் ஈர்ந்திரிக் கொளீஇ’. ஈர்ந்திரி என்றால் நெய்யில் நனைந்த திரி. இந்தக் கருவியில் இருக்கவேண்டியதும் அதேதான். அது காய்ந்துபோனால் ‘வறுந்திரி’. வறுங்கலம், வறுந்தலை போல. ‘வறுமை’யின் ‘மை’ ஈறு போய், ‘தி’க்கு இனமான ‘ந்’ மிகுந்து வரும் பண்புத்தொகை, நன்னூல் விதிக்குள் நிற்கிறது. வறம், வறட்சி, வறுமை, வறுத்தல் எல்லாம் ஒரே வேரில் தழைத்தவை. காய்தல், இல்லாமல் போதல், தீயில் வாடுதல் மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. எழுதும்போதே எனக்கு உள்ளம் நிறைகிறது.

ராயபுரத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கடைக்கு வருகிறவர் யாரும் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது என்று சொன்னதில்லை. ‘காயில் போயிடுச்சுண்ணே’ என்பார்கள். அம்மா சொன்ன வறுந்திரி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் கடைப் பையனிடம் சொன்னேன், ‘வறுத்த திரியா?’ என்று கேட்டான்.

எனக்கு இந்த விவகாரம் புரிந்தது திரி ஸ்டவ் வழியாகத்தான். சின்ன வயதில் வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்தது தெரியாமல் விட்டுவிட்டால் தீ மஞ்சளாகி, திரி நுனி கறுத்து, தெருவுக்கே நாற்றம் வரும். ‘திரி தீயுது பாரு’ என்று அம்மா கத்துவார். இதுவும் அதுவும் ஒன்றுதானே சார்? தொட்டி சூடாகிறது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. சூடு தொட்டியில் பிறப்பதில்லை. எண்ணெய் வராத திரியில் கம்பி தனியாக எரிகிறது, அந்தச் சூடுதான் தொட்டிக்கு இறங்குகிறது. அதனால் பெயரில் திரி இருக்கவேண்டும், அவ்வளவுதான் என் கட்சி.

கம்பியைப் பற்றியும் கையேட்டில் எழுதுங்கள். கம்பியை மாற்றினால் கணக்கே மாறும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணே, அதைத்தான் இரண்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சரிபார்த்துச் சொல்லுங்கள். அயர்ன்பாக்ஸில் வரும் நிக்ரோமை மாணவர்களுக்குத் தெரியும், ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை வாங்கிய கலவை. அதன் மின்தடை எண் ஏறத்தாழ 1.1 மைக்ரோ ஓம் மீட்டர். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த ‘காந்தல்’ (Kanthal) என்ற கலவைக்கு 1.45. துருப்பிடிக்காத எஃகுக்கு 0.75 அளவு. தூய நிக்கலுக்கு 0.1-கூட இல்லை.

காந்தலில் சுற்றிய காயில் 1.5 ஓம் என்று வைப்போம். முழுதாக ஏறிய பேட்டரி 4.2 வோல்ட். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 11.8 வாட். அதே நீளம், அதே தடிமனில் நிக்ரோமை வைத்தால் தடை 1.14 ஓமுக்கு இறங்கி, திறன் 15.5 வாட்டுக்கு ஏறும். திரி மட்டும் பழைய திரிதான். அது உறிஞ்சும் வேகம் மாறவில்லை. அங்கேதான் காய்கிறது. வாட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவியானால் இந்த வேறுபாடு வராது. ஆனால் அங்கேயும் மெல்லிய கம்பியைக் குறைவாகச் சுற்றினால் அதே வாட் சின்னப் பரப்பில் குவியும். கிளிசரின் அதிகமான திரவம் கெட்டியாக இருப்பதால் திரியில் மெதுவாக ஏறும். பஞ்சை அடைத்து வைத்தாலும் அப்படித்தான்.

வியாசர்பாடியிலிருந்து:

சார், நான் நலப்பணியாளர், வீடு வீடாகப் போகிறவள். இந்தக் கையேடு அம்மாக்கள் கையிலும் போய்ச் சேரும். அவர்களுக்கு ஓமும் வாட்டும் வேண்டாம். ‘அடிப்பிடித்தல்’ என்று சொல்லுங்கள். சோற்றுப் பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் அடிப்பிடிக்கும். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதிய அறிவியல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மகன் அறையில் தீய்ந்த வாடை வந்தால் என்ன என்று அவர்களுக்குப் புரியவேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

திருவொற்றியூரிலிருந்து:

அம்மா, உவமை அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலைச்சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும் இருக்கவேண்டும். அடிப்பிடித்தல் என்றால் சோறும் வரும், பாலும் வரும். இங்கே அடியும் இல்லை, பிடிப்பதும் இல்லை. இன்றைக்குப் புரியவில்லை என்று ஒதுக்கினால் எந்தப் புதுச்சொல்லும் பிறக்காது. பேருந்து, மின்விசிறி என்று முதலில் எழுதியபோதும் யாருக்கும் புரிந்திருக்காது. வறுந்திரிக்கே என் வாக்கு. தகளியையும் விடமாட்டேன்.

ராயபுரத்திலிருந்து:

பேருந்து என்று எழுதுகிறோம் தம்பி, ஏறும்போது பஸ் என்றுதான் கேட்கிறோம். திரியும் வேண்டும், தீய்வதும் வேண்டும். ‘திரி தீய்தல்’. முடிந்தது.

பெரம்பூரிலிருந்து:

தீய்தல் விளைவு. வறண்டதுதான் காரணம். திரி தீய்வதற்கு முன்னாலேயே திரவம் சிதையத் தொடங்கிவிடும் அல்லவா? பஞ்சு கறுத்தால்தான் ஆபத்து என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. காரணத்தைச் சொல்லும் பெயர்தான் பிள்ளையைக் காக்கும். வறுந்திரி கடினம் என்றால் ‘திரி வறட்சி’ என்றாவது வையுங்கள். வறட்சி எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அம்மா சொன்ன இந்தக் கடைசிக் காரணம் என்னை மாற்றிவிட்டது. நேற்று வகுப்பில் பலகையில் நீங்கள் சொன்ன சொற்களையெல்லாம் எழுதிக் கேட்டேன். ‘திரி தீய்தல்’ என்றதும் ‘தீஞ்சி போறதுக்கு அப்புறம்தானே சார் கெடுதல்?’ என்று ஒருவன் கேட்டான். அம்மா பயந்தது அப்படியே நடந்தது. ‘திரி வறட்சி’யை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

தலைப்பில் திரி வறட்சி. அதன் கீழே முதல் வரியில் அடிப்பிடிக்கும் பானை. மூன்றாம் பக்கத்தில், வறட்சி முற்றினால் திரி தீயும் என்று அண்ணனின் சொல். காயிலை ஒருமுறை கம்பிச்சுருள் என்று எழுதிவிட்டு, பிறகு காயில் என்றே விடுகிறேன். பணிமனையில் மாணவர்கள் அதைத்தான் கேட்கப்போகிறார்கள். தொட்டி தொட்டியாகவே இருக்கட்டும்.

வியாசர்பாடியிலிருந்து:

சரி சார். அச்சானதும் எனக்கு ஐம்பது பிரதி எடுத்து வையுங்கள். எங்கள் தெருவில் பேசும்போது நான் அடிப்பிடித்தது என்றுதான் சொல்வேன்.

திருவொற்றியூரிலிருந்து:

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், உடன்படவில்லை. வறுந்திரியைக் குழுவின் சொற்பட்டியலில் என் பரிந்துரையாகச் சேர்த்துவிடுங்கள். தாங்கலைப் பற்றிப் பெரம்பூர் அம்மாவுக்குத் தனி மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.