குளக்கட்டுக்கு அடியில் ஒரு துருசு: மெஷ் எக்ஸ்ட்ரூட் அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் கடைசி வருட புறொஜெக்ற் செய்கிற தம்பி தங்கைமார் மெஷ் எக்ஸ்ட்ரூட் செய்கிறது எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்கிறதால் விரிவாகவே எழுதுகிறேன். மெஷ் என்றால், ஒரு கட்டுமானம் பாரத்தைத் தாங்குமா என்று கணினியில் கணக்குப் பார்க்க அதைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிற வலை. துண்டு எலிமென்ற், அதன் மூலைப் புள்ளி நோட். எங்கட பக்கத்தில் கைக்கு வருகிற வேலை அநேகமாகக் குளத்தோடு சேர்ந்தது. கட்டுக்கு அடியால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசின் கொங்கிறீற் பெட்டி, றோட்டுக்குக் குறுக்கே மதகு, வாய்க்கால் சுவர், எல்லாமே நெடுக ஒரே குறுக்குவெட்டு. முழுப் பெட்டியையும் முப்பரிமாணத்தில் வரைந்து அதற்குள் மெஷ் போட மல்லுக்கட்டத் தேவையில்லை. குறுக்குவெட்டில் நாற்கோண எலிமென்றுகளை ஒழுங்காகப் போட்டு, அதை நீளப்பாட்டுக்கு எக்ஸ்ட்ரூட் செய்தால், அதாவது இழுத்தால், எட்டு நோட் உள்ள திண்ம எலிமென்றுகள் வரிசையாக வந்துவிடும்.

ஒரே வெட்டு என்றால் இருபரிமாணக் கணக்கே போதாதா என்று ஒரு தங்கை கேட்டா. நல்ல கேள்வி. கட்டுக்கு மட்டும் நீர்க்கசிவோ சரிவோ பார்க்கிறதென்றால் போதும், எக்ஸ்ட்ரூட் பக்கமே போக வேண்டாம். துருசுப் பெட்டி அப்படியில்லை. இரணைமடுக் குளம் என்றாலும் முத்தையன்கட்டுக் குளம் என்றாலும் கட்டின் நடுவில் பெட்டிக்கு மேல் மண் ஆக உயரம், இரண்டு அடிவாரத்திலும் ஒன்றுமில்லை. அதனால் நடுப்பகுதி கூட இறங்கும், மூட்டு வாய் திறக்கப் பார்க்கும். அது நீளப்பாட்டில் நடக்கிற விசயம், ஒரு வெட்டில் தெரியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். உள்ளளவு 1.5 மீற்றர் சதுரம், சுவர் 200 மில்லிமீற்றர், நீளம் 8 மீற்றர். 50 மில்லிமீற்றர் எலிமென்ற் போட்டால் சுவர்த் தடிப்பில் 4 வரும், முழு வெட்டிலும் 544. நீளத்தில் 80 லேயர் இழுத்தால் 43,520 எலிமென்ற், 55,080 நோட். சாதாரண லாப்டொப் தாங்கும். அதே மெஷ்ஷை, ஓரங்களின் நடுவிலும் நோட் உள்ள 20 நோட் எலிமென்றாக மாற்றினால் நோட் மட்டும் 2,08,624, அதைக் கையில் உள்ள மெமரியைப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் இழுக்க முதல் அந்த 544ஐயும் கண்ணால் பாருங்கள். வெட்டில் ஒரு எலிமென்ற் கோணலாக இருந்தால் இழுத்த பிறகு 80 கோணல்.

மெஷ் போடக் காசில்லாத சொவ்ட்வெயாரான ஜிமெஷ்தான் இங்கே கனபேர் பாவிக்கிறது. அதில் எக்ஸ்ட்ரூட் வரியில் லேயர் எண்ணிக்கையோடு ரீகொம்பைன் என்று போடாவிட்டால் நான்முகிகளாக உடைத்துத் தரும். அடி வெட்டையும் தனியாக ரீகொம்பைன் செய்ய வேண்டும் (முக்கோணங்களைச் சேர்த்து நாற்கோணமாக்குகிறது), இல்லாவிட்டால் முக்கோணத்தில் இருந்து ஆப்பு எலிமென்றுதான் வரும். பிறகு கணக்கை ஓட்டுகிற கல்குலிக்ஸ் சொவ்ட்வெயாருக்கு எழுதிக் கொடுக்கும்போது, திண்மப் பகுதியை பிசிக்கல் வொலியூம் என்று குறித்துக் கொடுக்காவிட்டால், மேற்பரப்பில் உள்ள தட்டை எலிமென்றுகளும் சிபிஎஸ்4 என்ற பெயரில் பைலுக்குள் வந்து குந்திவிடும். பைலை நோட்பாட்டில் திறந்து பார்த்து அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

ஃபீமாப் என்ற இன்னொரு மெஷ் சொவ்ட்வெயாரிலும் இதே பிரச்சினைக்கு வேறு முகம். மெஷ் மெனுவில் எக்ஸ்ட்ரூட், எலிமென்ற் என்று போய் இழுக்கும்போது பழைய தட்டைகளை அழிக்கச் சொல்லாவிட்டால் அவை முனையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், படத்தில் தெரியாது. பிடிக்கிற வழி நிறைதான். மேலே சொன்ன பெட்டியின் வெட்டுப் பரப்பு 1.36 சதுர மீற்றர், கன மீற்றருக்கு 25 கிலோநியூட்டன் என்று வைத்தால் 272 கிலோநியூட்டன் வர வேண்டும். எனக்கு ஒருவர் அனுப்பிய மொடலில் 278.8 என்று நின்றது. முனையில் 200 மில்லிமீற்றர் தடிப்போடு ஒரு வரிசை தட்டை கிடந்தது, அதன் நிறை சரியாக 6.8. சொவ்ட்வெயார் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. ஓடவிட முதல் இந்த ஒரு பெருக்கலைக் கையால் செய்யுங்கள், தயவுசெய்து.

வவுனியாவிலிருந்து:

அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெட்டியை இரண்டு துண்டாகத் தனித்தனியே இழுத்தால் சந்திக்கிற இடத்தில் ஒரே புள்ளியில் இரண்டு நோட் இருக்கும். சேர்க்காவிட்டால் அது ஒட்டாத பெட்டி. நான் செய்கிறது என்னவென்றால், எந்தத் தாங்கலும் கொடுக்காமல் அதிர்வு முறைகளை ஓடவிடுவேன். ஒரு உடம்பு என்றால் சுழியத்தை ஒட்டி 6 அதிர்வெண் வரும். 12 வந்தால் இரண்டு உடம்பு, போய் நோட்டுகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கிற தூரத்தை எலிமென்ற் அளவைவிட நல்லாகச் சிறிதாக வையுங்கள், கூடினால் பக்கத்து நோட்டையும் விழுங்கும். உண்மையிலேயே அங்கே அசையும் மூட்டு இருந்தால் சேர்க்கக்கூடாது, தொடுகை கொடுக்க வேண்டும், அது வேறு கதை.

புதுக்குடியிருப்பிலிருந்து:

வளைவில் இழுக்கிறவர்களுக்கு. அந்த 1.9 மீற்றர் அகலப் பெட்டியை வளைவுக்கோட்டில் கொண்டுபோனால், நடுக்கோட்டின் ஆரை 0.95 மீற்றருக்குக் கீழே போன உடனே உள்பக்க எலிமென்றுகள் ஒன்றுக்குள் ஒன்று மடியும். 1.5 மீற்றர் ஆரையிலும் வெளிப்பக்க எலிமென்ற் உள்பக்கத்தைவிட நாலரை மடங்கு நீளம். பார்த்துத்தான் போகவேணும். நேராக இழுக்கும்போதே எதிர்க் கனவளவு என்று பிழை வந்தால் மெஷ் கெட்டுப்போனதென்று பயப்பட வேண்டாம், தட்டையின் செங்கோட்டுக்கு (தட்டைக்குச் செங்குத்தாகப் போகிற திசை) எதிர்ப்பக்கம் இழுத்ததால் நோட் வரிசை தலைகீழாகியிருக்கும். செங்கோட்டைத் திருப்பிவிட்டு மறுபடி இழுத்தால் சரி.

மன்னாரிலிருந்து:

அக்காமார் அண்ணைமாரே, மெல்லிய மூடித் தட்டுக்குத் தடிப்பில் ஒரே ஒரு லேயர் இழுத்தால் காணுமா? ஆசிரியர் காணும் என்கிறார்.

கிளிநொச்சியிலிருந்து:

வளைவு முக்கியமென்றால் காணாது தம்பி. கல்குலிக்ஸில் சி3டி8 என்கிற எட்டு நோட் எலிமென்ற் ஒரு லேயரில் விறைத்து நிற்கும், தட்டு உண்மையில் வளைகிறதைவிடக் குறைய வளையும். எலிமென்றுக்குள் கணக்குப் பார்க்கிற புள்ளிகளைக் குறைத்த வகை (குறைத்த தொகையீடு) எடுத்தால் மறுபக்கம், வெறுமனே நெளியும். தடிப்பில் 4 போடு, இல்லாவிட்டால் C3D8I (கடைசியில் ஆங்கில எழுத்து I உள்ள வகை) அல்லது 20 நோட் வகை எடு. இரண்டையும் ஓடவிட்டு நடுத்தொய்வை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டு, அவர் ஏற்றுக்கொள்வார். பெட்டியின் வாயில் விரிகிற சிறகுச் சுவர்களை மட்டும் இந்த வழியில் இழுக்கப் பார்க்காதே. அது உயரமும் கோணமும் மாறிக்கொண்டு போகிறது, தனியாக மெஷ் போட்டுப் பெட்டியோடு கட்டிவிடு.